மத்தியான அளவு

ஓகஸ்ட் மாத மத்தியானம். கழுதைகள்கூட மதில் நிழலைத் தேடி ஒதுங்கிவிட்ட அந்த வெயிலில், அகீல் கழுத்துவரை இழுத்து மூடிய குளிர் ஜக்கெட்டோடு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பாரிஸிலிருந்து வந்துபோன ஒன்றுவிட்ட தம்பி விட்டுச்சென்ற ஜக்கெட். நெற்றி வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

"எப்பிடி இருக்கு?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான்.

"சோத்துப் பானைக்குத் துணி சுத்தின மாதிரி இருக்கு," என்றாள் அவன் மனைவி ஸீனத்.

"நோர்வேக்குப் போகமுதல் இஞ்சயே மௌத்தாகப் போறான். கழட்டு மகன்," என்று குசினியிலிருந்து அவனுடைய உம்மா ஹவ்வா உம்மா சத்தம் போட்டார். "அந்த ஊரில வெயிலே இல்லையாம். அப்ப கருவாடு எப்பிடிக் காயும்?"

"அங்க ஆரு மாமி கருவாடு போடுறது?"

"நான் கட்டித் தாறது பூசணம் பிடிக்காதோ எண்டுதான் கேக்கிறன்."

அகீல் ஜக்கெட்டைக் கழற்றிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டான். முதுகில் ஒட்டிக்கொண்ட சேட்டை உதறிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் நாலு வருடக் காத்திருப்பு இருந்தது.

நிக்காஹ் முடிந்த இரண்டாம் மாதமே ஸீனத் கலாநிதிப் படிப்புக்காக நோர்வே போய்விட்டாள். அந்தப் புலமைப்பரிசில் ஒருவருக்கு மட்டும். வருடத்துக்கு ஒரு மாதம் விடுமுறை. மற்றப் பதினொரு மாதமும் தொலைபேசித் திரையில் குடும்பம் நடந்தது. ஒருமுறை அவள் கடும் காய்ச்சலில் தனியே கிடந்தபோது, அவன் உப்பள வரம்பில் நின்றபடி, கஞ்சிக்கு எத்தனை உள்ளிப் பல் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். கஞ்சி கொதித்து முடியும்வரை அழைப்பைத் துண்டிக்கவில்லை.

இப்போது படிப்பு முடிந்துவிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் மூன்று வருட ஆராய்ச்சிப் பதவி. ஒக்டோபரில் தொடக்கம். இந்த முறை கணவனும் கூடவே வரலாம். அகீல் உப்பளத்தில் மேற்பார்வையாளர் வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டான். அடுத்த வியாழக்கிழமை அவனுடைய கடைசி நாள். அதே வியாழக்கிழமைதான் ஸீனத்தின் ஒப்பந்தமும் வருவதாக இருந்தது. கையெழுத்து வைத்து அனுப்பினால் விசாவுக்குப் போடலாம்.

அவள் செய்யும் வேலையை ஊரில் விளங்கப்படுத்துவது கஷ்டம். "வானத்தைப் பாக்கிற வேலையோ?" என்பார்கள். அவள் வானத்தைப் பார்ப்பதேயில்லை. பிரபஞ்சம் பிறந்து கொஞ்சக் காலத்தில் எங்கும் பரவியிருந்த வாயுவையும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளையும் எண்களாக்கி, நோர்வேயில் இருக்கும் பெரிய கணினி ஒன்றுக்குள் போட்டு, இயற்கையின் விதிகளைச் சொல்லி ஓட விடுவாள். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடங்கள் அதற்குள் நாற்பது நாளில் ஓடி முடியும். வாயு திரளும். ஓரிடத்தில் அடர்த்தி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அங்கே நட்சத்திரம் பிறக்கலாம் என்பது விதி. பிறந்தவற்றில் பெரியவை வெடித்து, சுற்றியுள்ள வாயுவை ஊதித் தள்ளும். இப்படித் திரண்டும் சிதறியும் விண்மீன் மண்டலங்கள் உருவாகும். நம்முடைய பால்வீதி போன்றவையும் வரும், அதைவிட ஆயிரம் மடங்கு சிறியவையும் வரும்.

சிறியவைதான் ஸீனத்தின் பகுதி. அவளுடைய ஓட்டங்களில் அந்தச் சிறு மண்டலங்கள், எல்லாரும் எண்ணியிருந்ததைவிட நூறு கோடி வருடம் பிந்தியே நட்சத்திரங்களைப் பெறத் தொடங்கின. 'பிந்தி விழித்த மண்டலங்கள்' என்று அவள் எழுதிய கட்டுரை இரண்டு மாநாடுகளில் பேசப்பட்டது. அவளுடைய பேராசிரியை இங்கர் அந்தக் கட்டுரையைத் தெரிவுக்குழுவின் முன்னால் வைத்து வாதாடித்தான் புதிய பதவியை வாங்கிக் கொடுத்திருந்தார்.

"மகள், சோறு ஆறுது. வாங்கோ ரெண்டு பேரும்," என்று ஹவ்வா உம்மா கூப்பிட்டார்.

பாரை மீன் ஆணமும் கணவாய்ப் பொரியலும். அகீல் சோற்றைப் பிசைந்தபடி உப்பளத்துக் கதையைத் தொடங்கினான். அவன் கதை சொல்லாமல் சாப்பிட்டதை ஸீனத் கண்டதில்லை.

"இண்டைக்கு முஹைதீன் காக்கா ஒரு வேலை பாத்திருக்கிறார். மூண்டாம் பாத்தித் தண்ணி இன்னும் ஆகேல்லையாம். உப்புத் தடிப்பு அளக்கிற மிதவை இருபத்திநாலுதான் காட்டுதாம். இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தானே உப்பு விளையிற பாத்திக்குத் திறந்து விடலாம். வரட்டும், வரட்டும் எண்டு மூண்டு நாளாக் காவல் இருந்திருக்கிறார். நான் போய்க் காலை வச்சுப் பாத்தா அடியில நறநற எண்டுது. உப்பு எப்பவோ விழுந்து சேத்தோட சேந்திட்டுது. அவ்வளவும் வீண்."

"மிதவை பிழையோ?" என்று கேட்டாள் ஸீனத், ஒரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டு.

"மிதவை நல்ல மிதவை. அளந்த நேரம்தான் பிழை. நாங்கள் எல்லாரும் காலமை அளக்கிறது. இவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகமுதல் அளந்திருக்கிறார். சூட்டில தண்ணி விரிஞ்சு நிக்கும் புள்ள. அளவு குறைச்சுத்தான் காட்டும். விரிஞ்சதுக்கு ஒரு டிகிரி கூட்டிப் பாக்கவேணும். காலமை அளக்கிற ஆளுக்கு அந்தக் கூட்டலே தேவையில்லை. அதால அதை அவருக்குச் சொல்லோணும் எண்டு எங்களில ஒருத்தருக்கும் யோசனை வரேல்லை."

"பாவம், அவர் எப்பவும் வெயிலுக்க நிக்கிற மனுசன்," என்றார் ஹவ்வா உம்மா.

ஸீனத்தின் கை சோற்றின் மேல் நின்றுவிட்டது.

"என்ன, முள்ளோ?" என்றான் அகீல்.

"இல்லை… ஓம். சின்ன முள்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். விரல்களில் ஆணம் மணத்தது.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. அதனால் கணினி அதை நம்முடைய சாணால் அளப்பதில்லை. பிரபஞ்சத்தோடு சேர்ந்து தானும் நீளும் ஒரு சாணால் அளக்கும். எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்களே, அதுபோல, அன்றைய சின்னப் பிரபஞ்சமும் இன்றைய பெரிய பிரபஞ்சமும் தன் கையால் எண்சாண்தான். கணக்குக்கு அது வசதி. ஆனால் நட்சத்திரம் பிறப்பதற்கான அடர்த்தி நம்முடைய சாணில் சொல்லப்பட்ட எண். இரண்டையும் ஒப்பிடுமுன் அந்தச் சாணை இந்தச் சாணுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால், ஆதிகாலத்தில் வாயு நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தாலும், எண் அதைக் குறைத்தே காட்டும். நட்சத்திரம் பிறக்கவேண்டிய இடத்தில் விதி 'இன்னும் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

பெரிய மண்டலங்களுக்கு எல்லாரும் பாவிக்கும் பழைய விதி இருந்தது. அதில் அந்த மாற்றம் ஒழுங்காக இருந்தது. சிறிய மண்டலங்களுக்கென்று இரண்டாம் வருடத்தில் அவளே எழுதிச் சேர்த்த விதியை வரி வரியாகப் பார்த்தாள். மாற்றம் இல்லை. எழுதிய திகதியைப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்து எழும்பிய வாரம்.

எத்தனை முறை சோதித்திருக்கிறாள்! ஆனால் சோதித்ததெல்லாம் இன்றைய பிரபஞ்சத்தை. இன்றைய நாளில் இரண்டு சாணும் ஒன்றே. விடை எப்போதும் சரியாகத்தான் வந்தது.

அந்த ஒரு வரியைச் சேர்த்து, சின்ன அளவில் ஒரு சோதனை ஓட்டத்தை அனுப்பினாள். இரண்டு நாளில் முடிவு வந்தது. சிறு மண்டலங்கள் பிந்தவில்லை. எல்லாரும் சொல்லிவந்த காலத்திலேயே விழித்திருந்தன. அவளுடைய கண்டுபிடிப்பு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த நாலு நாளும் வீடு பயண ஆயத்தத்தில் களைகட்டியிருந்தது. அகீல் தொலைபேசியில் நோர்வே மொழி படித்தான். கேற்றடியில் நின்ற கழுதையிடம் "யெய் ஹேத்தர் அகீல்" என்று தன்னை அறிமுகப்படுத்தினான். கழுதை காதை ஆட்டியதும், "விளங்கிட்டுது! ஸீனத், இதுக்கு விசா தேவையில்லை!" என்று கத்தினான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

இதை வெளியில் யாராலும் இப்போதைக்குக் கண்டுபிடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்த விதி அவளுடைய கையெழுத்துப் பிரதி மாதிரி, வேறொருவரிடமும் இல்லை. எப்போதாவது ஒருவர் அதே ஆராய்ச்சியைத் திரும்பச் செய்தால் தெரியவரும். அதற்கு இரண்டு வருடமாகலாம், ஐந்து வருடமாகலாம். அதற்குள் அகீலோடு ஒரே வீட்டில் ஒரு குளிர்காலம், இரண்டு குளிர்காலம்…

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒப்பந்தம் வந்தது. 'வாழ்த்துகள்! கணவருக்கும் சேர்த்து' என்று இங்கர் ஒரு வரி எழுதியிருந்தார்.

ஒரு மணிக்கு அகீல் வந்தான். கையில் துவாயில் சுற்றிய ஒரு பொருள். கதிரையில் உட்கார்ந்து பக்குவமாகப் பிரித்தான். அவன் எட்டு வருடம் பாவித்த கண்ணாடி மிதவை. அடியில் ஈயக்குண்டு, கழுத்தில் கறுப்புக் கோடுகள்.

"எல்லாருமாச் சேந்து தந்தவங்கள். முஹைதீன் காக்கா அழுதிட்டார். 'நோர்வேயில உப்பு அளந்து பார் தம்பி, ஆனா காலமை அள' எண்டு சொல்லுறார்." அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "வந்ததோ?"

"வந்தது."

"கையெழுத்து வச்சிட்டியோ?"

"மச்சான், ஒரு விசயம் சொல்லவேணும்."

சொன்னாள். சாண் கதையைச் சொல்லாமல், தான் எழுதிய விதியில் ஒரு மாற்றம் விடுபட்டுப் போனது என்று மட்டும் சொன்னாள். அவன் மிதவையை மடியில் வைத்தபடி கேட்டான்.

"அப்ப உன்ர கட்டுரை?"

"பிழை."

"முழுக்கவோ?"

"தலைப்பில இருந்தே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அந்த இங்கர் அம்மாவுக்கு?"

"இல்லை."

அகீல் மிதவையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பி யன்னலடிக்குப் போனான். சோளகக் காற்று வேலிக் கிடுகைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. திரும்பாமலே பேசினான்.

"கையெழுத்து வை. அங்க போய் இறங்குவம். ஒரு மாசம் கழிச்சு, இப்பத்தான் கண்ட மாதிரிச் சொல்லு. பொய் சொல்லச் சொல்லேல்லை ஸீனத். பிந்திச் சொல்லச் சொல்லுறன், அவ்வளவுதான்."

"இந்த முடிவை நம்பித்தான் அந்த வேலையையே தந்தவங்கள். இன்னும் மூண்டு பேரும் அதுக்கு விண்ணப்பிச்சவங்கள்."

"அந்த மூண்டு பேரும் நாலு வருசம் போனில குடும்பம் நடத்தினவங்களோ?"

அவள் கதிரையில் கிடந்த துவாயை எடுத்து மடித்தாள்.

"என்ர இடத்துக்கு உயிலங்குளத்தில இருந்து ஒருத்தர் வந்து சாவியும் வாங்கிட்டார். நான் இண்டைக்கு எல்லாரோடயும் கை குடுத்து, மாப்புக் கேட்டு, விடைபெற்று வந்திருக்கிறன்." அவன் திரும்பினான். "அவ்வளவு படிச்ச ஆக்கள் பாத்திருக்கிறாங்கள். ஒருத்தருக்கும் தெரியேல்லை. நீ மட்டும் இப்ப எப்பிடிக் கண்டனி?"

"சும்மா… திருப்பிப் பாக்கேக்க," என்றாள். அவன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை.

குசினி வாசலில் ஹவ்வா உம்மா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. "அப்ப… போகேல்லையோ?" என்றார். உடனே, "அல்ஹம்துலி…" என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லத் தொடங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அகீல் உம்மாவை ஒரு நிமிடம் பார்த்தான். மிதவையைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தான். மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"நான் வேணுமெண்டு சொல்லேல்லை மகள்," என்றார் ஹவ்வா உம்மா, நிலத்தைப் பார்த்து. "ஒரே ஒரு பிள்ளை. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிப்போட்டுது."

"தெரியும் மாமி."

"அவன் சாப்பிடேல்லை."

"அதுவும் தெரியும்."

பின்னேரம் அசர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஸீனத் கடிதத்தை எழுதி முடித்தாள். எங்கே பிழை, எந்த வரி, சோதனையில் என்ன வந்தது என்று எழுதுவது சுலபமாக இருந்தது. எப்படிக் கண்டாள் என்ற இடத்தில் நின்றாள். 'திருப்பிப் பார்த்தபோது' என்று எழுதினாள். அழித்தாள். பிழையைச் சொல்லும் கடிதத்தில் இன்னொரு பொய்யா?

அகீல் வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்தாள். பத்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு அனுப்பினாள்.

அவன் ஐந்தரைக்கு வந்தான். கால்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வேலையை விட்டவன் வேறெங்கும் போகத் தெரியாமல் உப்பளத்துக்கே போயிருக்கிறான். கட்டிலில் இருந்தான்.

"நான் யோசிச்சன்," என்று தொடங்கினான்.

"அனுப்பிட்டன் மச்சான்."

அவன் நிமிர்ந்தான். "என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை."

"கேட்டிருந்தா நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பீங்கள். நீங்கள் திரும்பவும் சொன்னா நான் கேட்டிருப்பன். அதுக்குப் பயந்துதான்."

அவன் கையை நீட்டினான். அவள் மடிக்கணினியை அவன் மடியில் வைத்தாள். அவனுடைய ஆங்கிலம் மெதுவானது. உதடு அசைய வாசித்தான். பாதி வழியில் உதடு நின்றது. அந்த இடத்தை விரலால் தொட்டு, திரும்ப வாசித்தான். 'என் கணவர் அகீல் உப்பளத்தில் வேலை செய்கிறார். சூட்டில் விரிந்த உப்புநீரை அளக்கும்போது அளவைத் திருத்த வேண்டும் என்று அவர் சாப்பாட்டின்போது சொன்னார். அப்போதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது.'

"நானோ?"

"ஓம்."

"அந்த மூண்டாம் பாத்திக் கதையோ?"

"ஓம் மச்சான்."

"என்ர வாயால நானே…" அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு சத்தமாக மாறியது. அவள் பக்கத்தில் இருந்து அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் தட்டிவிடவில்லை. சாயவுமில்லை.

"அண்டைக்கு ஒருநாளாவது வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம்," என்றான் கடைசியில்.

"உங்களுக்கு அது ஏலாது."

"அதுவும் சரி. இல்லாட்டி முஹைதீன் காக்காவிலதான் பழியைப் போடவேணும்."

இங்கரின் பதில் மறுநாள் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம். அதை நிறுத்தி வைத்திருக்கிறோம். கட்டுரையைத் திரும்பப் பெற இருவருமாகக் கடிதம் எழுதுவோம். திருத்திய விதியோடு முழு ஓட்டத்தையும் மறுபடி ஓட விடு. அது முடிந்த பிறகுதான் குழு கூடும்; என்ன முடிவெடுக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சொன்னதற்கு நன்றி என்றோ, கோபம் என்றோ ஒரு வரியும் இல்லை. கடைசியில் மட்டும் ஒரு கேள்வி: எத்தனை பாகை சூடு கூடினால் மிதவை அளவில் ஒரு டிகிரி கூட்டுவார் என்று உன் கணவரிடம் கேட்டுச் சொல்வாயா?

ஸீனத் கேட்டாள். அகீல் செருப்பைப் போட்டபடி, "பதினஞ்சு, பதினாறு எண்டு சொல்லு," என்றான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "தண்ணி எவ்வளவு தடிப்பு எண்டதையும் பொறுத்தது எண்டு சேத்து எழுது. பிழையா எழுதிப்போடாதை," என்றான்.

முழு ஓட்டம் தொடங்கியது. நாட்கள் இழுபட்டன. உப்பளத்தில் அவனுடைய இடம் போனது போனதுதான். புதியவருக்குச் சூட்டுக் கணக்கைக் காட்டிக்கொடுக்க என்று இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் அவர்கள் மரியாதையாக, "ஏன் தம்பி கஷ்டப்படுறீங்கள்" என்றார்களாம். பிறகு போகவில்லை. தூரத்து மச்சினன் ஒருவனுடைய மீன் வாடியில் பெட்டிகளுக்கு ஐஸ் அடிக்கப் போனான். நோர்வே மொழியைத் தொலைபேசி தினமும் ஞாபகப்படுத்தியது. அவன் அந்தச் சத்தத்தை நிறுத்திவைத்தான். சில நாள் அவளோடு கதைக்காமலே சாப்பிட்டான். வாயை மூடிக்கொண்டு சாப்பிட அவனாலும் முடிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் அவன் வந்தபோது ஸீனத் திரைக்கு முன்னால் இருந்தாள். ஓட்டம் முதல் நூறு கோடி வருடங்களைக் கடந்திருந்தது. கறுத்த திரையில் பெரிய ஒளித்திட்டு ஒன்று. அதைச் சுற்றி எங்கெங்கோ சிறு சிறு புள்ளிகள்.

அகீல் பின்னால் வந்து நின்றான். ஐஸும் மீனும் மணத்தன.

"இதுகள்தானோ?"

"ஓம். இந்தச் சின்னதுகள். பழைய ஓட்டத்தில இந்த நேரத்துக்கு இஞ்ச ஒண்டும் இல்லை. வெறும் இருட்டு."

"இப்ப முழிச்சிட்டுதுகள்."

"நேரத்துக்கே."

ஒவ்வொரு புள்ளியும் அவளுடைய கட்டுரைக்கு எதிரான சாட்சி. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். ஒரு புள்ளியை விரலால் காட்டி, "இது வடிவா இருக்கு," என்றான். பதினொரு நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே அவனுடைய குளிர்ந்த கையைப் பிடித்தாள்.

"இன்னும் எத்தினை நாள்?"

"இருபத்தொன்பது."

"அதுக்குப் பிறகு?"

"தெரியாது மச்சான்."

அவன் தலையாட்டினான். ஜக்கெட் இன்னும் கட்டில் தலைமாட்டிலேயே தொங்கியது. பெட்டிக்குள்ளும் போகவில்லை, அந்தப் பாரிஸ் தம்பி வீட்டுக்கும் திரும்பவில்லை.

ஹவ்வா உம்மா வாசலில் வந்து நின்றார். கையில் பழைய கடதாசியில் சுற்றி, மூன்று இடத்தில் நூல் போட்டு இறுக்கிய பொதி. அவர்கள் கொண்டுபோவதற்கென்று வெயிலில் போட்டுப் போட்டு எடுத்த பாரைக் கருவாடு.

"மகன், இது பொதியாவே இருக்கட்டோ, பிரிச்சுச் சமைக்கட்டோ? ஒண்டைச் சொல்லுங்கோ. எனக்கு இதை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை."

ஸீனத் அகீலைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான்.

"பாதியைச் சமையுங்கோ உம்மா."

"மற்றப் பாதி?"

"அதைத் திருப்பிக் கட்டி வையுங்கோ," என்றான். "ஒருக்கா வெயிலில காட்டிப்போட்டு."